மண் பிடித்து வைத்திருக்கும் நஞ்சு

கெடா மாநிலத்தின் சிடாம் கிரி, சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டங்களில் களைக்கொல்லி தெளிப்பதை ‘மருந்து அடித்தல்’ என்றே நம் மக்கள் சொல்லி வந்தனர். நோயைத் தீர்ப்பதுதான் மருந்து. ஆனால், முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு இரப்பர் மரங்களுக்கும் செம்பனைகளுக்கும் இடையே நடந்த நம் தொழிலாளர்கள் தெளித்தது நஞ்சு. அவர்களுள் பெண்களும் பலர். அந்த நஞ்சு இப்பொழுது எங்கே இருக்கிறது? இக்கேள்விக்கு விடை தேடுவது இன்றைய தலைமுறையின் கடமை என்பது என் கருத்து.

அத்தகைய களைக்கொல்லிகளுள் பலராலும் அறியப்பட்டது பாராகுவாட். அதனைச் சிறிதளவு விழுங்கினாலும் உயிருக்கு ஆபத்து. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மலேசிய அரசாங்கம் 2002ஆம் ஆண்டில் அதற்குத் தடை அறிவித்தது. பின்னர், 2006ஆம் ஆண்டில் அத்தடை தளர்த்தப்பட்டது. இறுதியில், 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி முழுத் தடை நடப்புக்கு வந்தது. தடை வந்துவிட்டது, ஆனால், மண்ணில் ஏற்கெனவே விழுந்ததைத் தடைச் சட்டம் அள்ளிக்கொண்டு போகாது.

“பாராகுவாட் மண்ணில் பட்டவுடன் செயலிழந்துவிடும், ஆகவே அச்சம் வேண்டாம்,” என்று சிலர் வாதிடுவர். இது பாதி உண்மைதான். களிமண் துகள்கள் அதனை இறுகப் பிடித்துக்கொள்வதால் பயிர்களின் வேர் அதனை எளிதில் உறிஞ்ச முடியாது. எனினும், பிடிபட்டது அழிந்துவிடவில்லை. அது மண்ணில் பல ஆண்டுகள் தங்கியிருக்கும். மழையில் மண் அரித்துச் செல்லும்போது, துகளோடு ஒட்டிய நஞ்சும் ஆற்றுக்குப் பயணம் செய்யும். மூடா ஆறு கெடா, பினாங்கு மக்களின் குடிநீருக்கு ஆதாரமாக விளங்குவதை நாம் மறத்தலாகாது.

எல்லா மாசுகளையும் களிமண்ணே பிடித்துவைப்பதில்லை. எண்ணெய்த் தன்மை கொண்ட பல மாசுகள் இலை, தழை, வேர் ஆகியவை மட்கி உருவாகும் கரிமப் பொருளில் ஒட்டிக்கொள்கின்றன. எந்த மாசு, மட்கின் எந்தப் பகுதியில், எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது? வெறும் கண்ணுக்கு எட்டாத இதனைக் காட்டும் கருவிகளுள் ஒன்றுதான் அணுக்கருக் காந்த ஒத்திசைவுக் கருவி. சுருக்கமாக, என்.எம்.ஆர். என்பர். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. இத்தத்துவம் தொடர்பான கண்டுபிடிப்புக்காக பீலிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரும் 1952ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

ஹைட்ரஜன், ஃபுளோரின் போன்ற சில அணுக்களின் கருக்கள் மிகச் சிறிய காந்தங்களைப் போல நடந்துகொள்கின்றன. வலிமைமிக்க காந்தத்தின் நடுவே அவற்றை வைத்து வானொலி அலையைச் செலுத்தினால், அவை பதிலுக்குச் சமிக்ஞை தருகின்றன. பக்கத்தில் எந்த அணு இருக்கிறது என்பதற்கேற்ப அச்சமிக்ஞை மாறும். தடையின்றி நகரும் மூலக்கூறு கூர்மையான சமிக்ஞை தரும். மண்ணில் இறுகக் கட்டுண்ட மூலக்கூற்றின் சமிக்ஞையோ அகன்று மங்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டு மாசு எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் அறிகின்றனர்.

கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மட்கு நிறைந்த சதுப்பு மண்ணை இம்முறையில் ஆராய்ந்தனர். ஃபுளோரின் அடங்கிய மாசுகளுள் ஒன்று புரதப் பகுதிகளையே அதிகம் நாடியது. வேறொன்று மரங்களின் உறுதிக்குக் காரணமான லிக்னினை நாடியது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? ‘மண்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிட இயலாது. ஒவ்வொரு மாசுக்கும் ஒவ்வோர் இருப்பிடம் உண்டு.

இத்தகைய கருவி விலை உயர்ந்தது; பள்ளி ஆய்வுக்கூடத்தில் வைக்க முடியாது. ‘நமக்கு எதற்கு இது?’ என்று கேட்கலாம். என் பார்வையில், அதனாலேயே இத்துறைக்கு நம் மாணவர்கள் செல்ல வேண்டும். குளிர்நாட்டுச் சதுப்பு மண்ணின் முடிவை நம் தோட்ட மண்ணுக்கு அப்படியே பொருத்த இயலாது. நம் செம்மண்ணில் இரும்பு மிகுதி, அது என்.எம்.ஆர். சமிக்ஞையைக் குழப்பும். நம் மண்ணை ஆராயும் வழிமுறையை நம் மண்ணை அறிந்தவர்கள் கண்டறிவதே சிறப்பு.

அதுவரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. பழைய தோட்ட நிலத்தில் காய்கறித் தோட்டம் அமைக்கும் முன் மண்ணைப் பரிசோதிக்கக் கோரலாம். சருகை எரிக்காமல் மட்கச் செய்யலாம். மட்கு மிகுந்த மண் பல மாசுகளைப் பிடித்து நிறுத்தும். ஞெகிழிக் குப்பையைத் திறந்தவெளியில் எரிப்பதை நிறுத்தலாம். அந்தப் புகையிலுள்ள நச்சும் இறுதியில் மண்ணில்தான் படிகிறது.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் மறைந்தாலும் நிலம் அங்கேயே இருக்கிறது. அந்நிலத்தில் உழைத்தவர்களுக்குத் தாங்கள் தெளித்தது என்னவென்று எடுத்துச் சொல்ல அன்று எவரும் இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் அதனை அறிவியல் வழி அறிந்து, ஊருக்கு எடுத்துரைக்க வேண்டும்.