கலஹா பென்சில்வேனியா இல்லை

ஜனாதிபதித் தேர்தல் வந்தால் போதும், கலஹாவிலும் புசல்லாவையிலும் அதே மேடை, அதே பேச்சு. மலையக வாக்குதான் ஜனாதிபதியைத் தீர்மானிக்குமாம்!

பென்சில்வேனியா தீர்மானிக்கும். 2016இல் சுமார் 44 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் அதன் 20 தேர்வாளர் வாக்குகளும் ட்ரம்புக்குப் போயின. அங்கே முறை அப்படி. இங்கே முழு நாடும் ஒரே தொகுதி. ஹந்தானை வாக்குக்கும் ஹம்பாந்தோட்டை வாக்குக்கும் ஒரே எடைதான். நம்ம ஆளுங்க அதிகமா இருக்கிற நுவரெலியா மாவட்டத்தையே பாருங்க: 2005 ரணில், 2010 பொன்சேகா, 2019உம் 2024உம் சஜித். நாலு தடவையும் தோத்தாங்க. 2015இல் மைத்திரிபால மட்டும் வென்றார். இருந்தும் அந்தக் கதையை விடமாட்டாங்க. வாக்கை மொத்தமாகக் காட்டினால்தானே கொழும்பில் அமைச்சுப் பதவி பேசலாம்.

உண்மையான துருப்பு வாக்குச்சீட்டிலேயே இருக்கு. 2024இல் யாருக்கும் 50 வீதம் கிடைக்காததால் முதல் தடவையாக விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். அநுரவுக்கும் சஜித்துக்கும் இடைவெளி சுமார் 12 இலட்சத்து 72 ஆயிரம். மற்றவர்களுக்குப் போட்டவர்களோ 33 இலட்சத்துக்கு மேல்! அந்தச் சீட்டுகளிலிருந்து இந்த இருவருக்கும் சேர்ந்தது வெறும் 2 இலட்சத்து 73 ஆயிரம். மிச்சம் கணக்கிலேயே வரலை.

ஒரு புள்ளடியோட சீட்டை மடிக்கிற பழக்கம் தலைவர்களுக்கு வசதி. 2ஐ யாருக்குப் போடுறதுன்னு யோசிக்கிற ஆளைப் பொதி கட்டி விற்க முடியாதே. அடுத்த முறை மேடைக்குக் கீழ நின்னு கேளுங்க: "அண்ணே, உங்க ஆள் தோத்தா என் 2 யாருக்கு?"