மரத்தின் வயதும் சுரூபத்தின் வயதும்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய மரச்சாமான்கள் விற்கும் கடையொன்றில் புனித அந்தோனியாரின் மரச் சுரூபத்தைக் கண்டதாகக் கோவளத்து அன்பர் ஒருவர் எழுதியுள்ளார். “இருநூறு ஆண்டுப் பழமையுடையது” என்று கடைக்காரர் உறுதி கூறினாராம். வாங்கலாமா என்பது அன்பரின் கேள்வி. 1808-இல் ஜான் டி மான்டி எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயத்தின் நிழலில் வாழ்வோருக்குப் பழமையின்மீது பற்று இருப்பது இயல்பே.

ஆயினும் மரத்தின் வயது வேறு. சிற்பத்தின் வயது வேறு. செட்டிநாட்டில் இடிக்கப்படும் வீடுகளின் தேக்கு உத்தரங்கள் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றில் நேற்றுச் செதுக்கிய சுரூபமும் பழைய மரந்தான். கரிமக் கணிப்புங்கூட மரம் வளர்ந்த காலத்தைக் காட்டுமேயன்றி உளி பட்ட நாளைக் காட்டாது.

ஆகவே சுரூபத்தின் முகத்தைவிட முதுகையும் அடிப்பாகத்தையும் கூர்ந்து நோக்குங்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சி உள்ளே குடைந்து, சிறு வட்டத் துளை வழியே வெளியேறும். மேற்பரப்பில் நீண்ட வாய்க்கால்போல் குடைவுகள் தெரிந்தால், பூச்சி அரித்த மரத்தைப் பின்னர் செதுக்கினார்கள் என ஐயுறலாம். கைபடும் பாதம் தேய்ந்தும், கைபடாத மடிப்பு கூர்மையாகவும் இருத்தல் இயற்கை. எங்கும் ஒரே சீரான தேய்வும் கறுப்பும் செயற்கை. தலையில் சிலுவைக் கீறலுள்ள திருகாணி 1930-களுக்குப் பிந்தியது. எனினும் பழுதுபார்த்தபோது சேர்ந்ததாகவும் இருக்கலாம். எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

சரி, சுரூபம் மெய்யாகவே பழையதென்று தெரிந்துவிட்டால்? அப்போதுதான் பெரிய கேள்வி எழுகிறது: இது எங்கிருந்து வந்தது? தூத்துக்குடிப் பனிமய அன்னையின் சுரூபம் 1555-இல் வந்ததென்று மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அத்தகைய வரலாறு ஏதுமின்றிக் கடைக்கு வந்த சுரூபம், எந்தச் சிற்றாலயத்தின் பீடத்தை வெறுமையாக்கி வந்ததோ! ஆலயத்தில் மக்கள் மிகுந்த பக்தியோடு வணங்கும் சுரூபத்தைத் திருப்பீடத்தின் அனுமதியின்றிக் கைமாற்றுவது செல்லாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் பிரிவு. நாட்டின் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் நூறாண்டு கடந்த சிற்பங்களை விற்பவர் உரிமம் பெற்றிருக்க வேண்டும் என்கிறது.

ஆகவே அன்பரே, கடைக்காரரிடம் யாரிடமிருந்து வாங்கினார் என்று கேளுங்கள், எழுத்தில் பெறுங்கள். படமெடுத்துப் பங்குத்தந்தையிடம் காட்டுங்கள். பதில் மழுப்பலாயின், விலை எவ்வளவு குறைவாயினும் திரும்பி வந்துவிடுங்கள்.

இல்லத்தில் செபிக்கச் சுரூபம் வேண்டுமெனில், சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியில் மரச்சிற்பிகள் இன்றும் உளி பிடிக்கின்றனர். அவர்கள் கையால் புதிதாய்ச் செய்த சுரூபத்தை மந்திரித்து வைத்து, குடும்பமாய் அதன்முன் முழந்தாளிடுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகளின் காலத்தில் அதுவும் பழையதாகும். அது எங்கிருந்து வந்தது என்று கேட்போருக்கு அவர்கள் தயங்காமல் விடை சொல்வார்கள்.