உண்டியலும் வாசற்படியும்

சகபாடி ஒருவன் தண்டுவடத்தில் அடிபட்டுப் படுக்கையில் வீழ்ந்தான் என்று கேட்டால், அவனோடு படிக்கும் மாணவர்கள் உண்டியல் ஏந்திக் கடைவீதிக்கு வந்துவிடுகிறார்கள். பெரியோர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே இளைஞர் செயலில் இறங்கும் இவ்வழக்கத்தை நாம் மனமாரப் போற்றுகிறோம். ஆயினும் ஒரு விஷயத்தை அவர்கள் முன் வைப்பது நமது கடமை. உண்டியல் நிரம்பிய அன்றோடு அவர்களுடைய தர்மம் முடிந்துவிடுவதில்லை.

தண்டுவடக் காயம் கை கால் முறிவைப் போன்றதன்று. கழுத்தில் பட்டால் கை கால் நான்கும், அதற்குக் கீழே பட்டால் கால்களும் செயலற்றுப் போகலாம். உணர்ச்சியற்ற உடம்பை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் உண்டாகும்; சிறுநீரும் தானே பிரியாது. இவ்விரண்டினால் நேரும் கிருமித் தொற்றே முற்காலத்தில் இவர்களுட் பெரும்பாலோரை மாய்த்தது. இடைவிடாத பராமரிப்பும் பயிற்சியும் இருந்தால் இவர்கள் நெடுநாள் வாழ்ந்து உழைக்கவும் கூடும் என்பதை, 1944 முதல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்னும் வைத்தியர் மெய்ப்பித்தார். ஆகவே வேண்டுவது ஆயுள் முழுவதற்குமான துணையாகும்.

ஜவ்வாது மலையை எண்ணிப் பாருங்கள். புளிக்கும் தேனுக்கும் மரமேறுவோர் வாழும் மலை அது. மரத்திலிருந்து வீழ்ந்தவனைச் சாலை எட்டாத சிற்றூரிலிருந்து தூளியில் வளைத்துத் தூக்கிச் சென்றால், மிஞ்சியிருந்த நரம்பும் அறுந்துவிடக் கூடும். கழுத்தும் முதுகும் அசையாமல் பலகையில் நேராகக் கிடத்த வேண்டும் என்று ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பெரும்பொருள் வேண்டுமோ? விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரத்திற்கு இலவச சிகிச்சை அளிக்க 2021-ல் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய திட்டம் மெச்சத்தக்கதே. ஆனால் அது சாலை விபத்துக்கென ஏற்பட்டது. மரத்திலிருந்து வீழ்ந்தவனுடைய முதுகெலும்பு மட்டும் வேறா?

இம்மலைக்கு ஒருபுறம் வேலூர். 1954-ல் மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸைப் பார்த்து இரங்குவதோடு டாக்டர் பால் பிராண்டு நின்றுவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு ரண சிகிச்சை செய்ய அவரை ஊக்கினார். அவ்வம்மையின் முயற்சியால் 1966-ல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தோன்றியது.

மறுபுறம் திருவண்ணாமலை. கிரிக்கெட் வீராங்கனை பிரீத்தி சீனிவாசன் 1998-ல், தமது பதினெட்டாம் வயதில், கடலலையில் நேர்ந்த விபத்தால் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். பின்னர் அவர் படிக்க விரும்பியபோது, சக்கர நாற்காலி ஏற வழியில்லை என்று ஒரு கல்வி நிலையம் இடம் மறுத்தது. அவர் தளரவில்லை, தம்மைப் போன்றோர்க்காகத் திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்னும் அறநிலையத்தை 2013-ல் நிறுவினார். ஒருவர்க்கு அவர் இடம் காக்கப்பட்டது; மற்றவரை வாசற்படி தடுத்தது. குறை உடம்பினுடையதா, வாசற்படியினுடையதா?

சட்டம் இல்லாமலும் இல்லை. சர்க்காரின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் மாற்றுத்திறனாளிகள் அணுகுவதற்கேற்ற கட்டிடங்களோடு இருக்க வேண்டும் என்பது 2016-ம் வருஷத்துச் சட்டம். அதை ஏட்டிலிருந்து இறக்கி வாசலில் வைப்பவர் யார்? மாணவர்களே, அது உங்களால் ஆகும். உங்கள் பள்ளியின் படிகளை எண்ணுங்கள். கழிப்பறைக்குள் சக்கர நாற்காலி நுழையுமா என்று அளந்து பாருங்கள். கூட்டமாய்ச் சென்று தலைமை ஆசிரியரிடமும் கலெக்டரிடமும் சாய்தளம் கேளுங்கள். பாடங்களை எழுதி நண்பனுக்கு அனுப்புங்கள். வகுப்பில் அவன் இடத்தைப் பிறர்க்கு விடாதீர்கள். அவன் மீண்டு வந்து அவ்விடத்தில் அமரும் வரையில், உதவி முடிந்தது என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் உரிமையில்லை.