தலை தப்பியது, பழி தப்பவில்லை

தங்கச்சிமடம் மீனவர் ஐவரின் கழுத்திலிருந்து தூக்குக் கயிறு இறங்கியதில் மகிழாதவர் இராமேஸ்வரம் தீவில் எவரும் இல்லை. ஆயினும், கொழும்பில் தாக்கல் செய்த மேல்முறையீட்டை இந்தியத் தரப்பு திரும்பப் பெற்றுக்கொண்ட முடிவை இராஜதந்திர வெற்றி என்று கொண்டாடுவது ஏற்கத்தக்கதன்று. ஹெராயின் கடத்தியதாகக் கொழும்பு உயர் நீதிமன்றம் 2014 அக்டோபர் 30 அன்று விதித்த மரண தண்டனையை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட அந்த வழக்கு சில நாள்களிலேயே கைவிடப்பட்டது. வழக்கு நிலுவையில் இருக்கும்வரை அப்போதைய இலங்கை அதிபர் ராஜபக்சே மன்னிப்பு வழங்க இயலாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். பிறகு அவர் மன்னிப்பு வழங்கினார்.

மேல்முறையீடு என்பது கீழமை நீதிமன்றத்தின் தீர்ப்பு சரிதானா என்று மேலமை நீதிமன்றம் மறுபடி எடைபோடுவது. மன்னிப்போ, குற்றம் நிரூபணமானதாகவே வைத்துக்கொண்டு தண்டனையை மட்டும் நீக்குவது. முன்னதில் வென்றவர் நிரபராதி ஆகிறார். பின்னதைப் பெற்றவர் கருணை காட்டப்பட்ட குற்றவாளியாகவே ஏட்டில் நிற்கிறார். தீர்ப்பைக் கேட்டுத் தங்கச்சிமடத்தில் தண்டவாளத்தைப் பெயர்க்கும் அளவுக்கு மூண்ட கோபம், ஐவரும் ஹெராயின் கடத்தவில்லை என்ற நம்பிக்கையில் மூண்டதே தவிர, கருணை வேண்டி மூண்டதன்று.

இலங்கைச் சட்டப்படி 2 கிராம் ஹெராயினே ஒருவரைத் தூக்கு மேடைக்கு அனுப்பப் போதுமானது என்பதால், அந்தப் பொருள் படகின் எந்த மூலையில் கிடந்தது, யார் எடுத்தார், எப்போது முத்திரையிட்டு யார் கையில் ஒப்படைத்தார் என்ற ஒவ்வொரு கேள்வியும் உயிரின் விலை பெறுகிறது. மீன்வளத் துறையிடம் டோக்கன், அதாவது கடலுக்குச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு, வாங்கிக் கிளம்பும் விசைப்படகுக்குக் கரையில் பதிவு உண்டு. கைப்பற்றிய பொருளுக்கும் அத்தகைய பழுதற்ற பதிவு உண்டா என்று மேலமை நீதிமன்றத்தில் உரக்கக் கேட்டிருக்க வேண்டியவர்கள் வாயை மூடிக்கொண்டு வெளியேறினார்கள். 1976-க்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பதால், கயிறு நெருங்கிவிட்டது என்ற பதைப்புக்கும் இடமில்லை. மேல்முறையீட்டில் தோற்றாலும் மன்னிப்புக் கோரும் வழி திறந்தே இருந்திருக்கும். கடைசியில் தட்ட வேண்டிய கதவை முதலில் தட்டிவிட்டுச் சாமர்த்தியம் பேசுவது என்ன நியாயம்? இதே வழக்கில் தண்டிக்கப்பட்ட இலங்கைத் தமிழர் மூவருக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை என்பதை எவரும் பேசக்கூட இல்லை.

மேல்முறையீட்டின் அருமை தில்லிக்குத் தெரியாததன்று. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்க, 1999-இல் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டுமே அதை உறுதி செய்தது. மேல்முறையீடு என்ற ஒன்று இல்லையேல் மற்ற 22 பேரின் கதி என்னவாகியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த நால்வரில் மூவரின் கருணை மனுக்களை 11 ஆண்டுகள் கிடப்பில் போட்டு, பிறகு ஒரே வீச்சில் நிராகரித்து, 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே தண்டனையைக் குறைக்கும்படி விட்டதும் இதே தில்லிதான். சொந்தச் சிறையில் 11 ஆண்டுகள் நகராத கருணை, அயல்நாட்டுச் சிறையில் 20 நாள்களில் பறந்து வந்தது. இரண்டிலும் உண்மை என்ன என்ற கேள்வி மட்டும் மேசைக்கு வரவே இல்லை. கச்சத்தீவை 1974-இல் இலங்கைக்கு விட்டுக்கொடுத்தபோதும், 1976-இல் கடிதப் பரிமாற்றத்தின் வழியே அங்குள்ள மீன்பிடி உரிமையைக் கைகழுவியபோதும், இந்தக் கரையைக் கேளாமலே கையெழுத்திட்டவர்களின் வழிவந்தவர்களிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? நாற்காலியில் அமர்பவர்கள் மாறுகிறார்கள். கரையைக் கேட்காத பழக்கம் மாறுவதில்லை.

அயல்நாட்டு நீதிமன்றத்தில் நிற்கும் மீனவரின் வழக்கை இறுதிவரை நடத்தும் உறுதியான ஏற்பாடு ஒன்றை இனியேனும் உருவாக்க வேண்டும். மரண தண்டனை என்ற திருத்த முடியாத தண்டனையைப் பற்றி இரு நாடுகளும் மறுபடி சிந்திக்கவும் வேண்டும். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். அந்தப் புண்ணியத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டவர்கள், போதைப்பொருள் கடத்தியவர்கள் என்ற தீர்ப்பை மட்டும் ஐவரின் பெயரில் கொழும்பிலேயே விட்டுவந்திருக்கிறார்கள்.