வடக்கே தள்ளிய கரித்தூள்

2011-க்கு முன் ராயபுரத்தில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் போட்ட வெள்ளை வேட்டியை மாலையில் உதறினால் கரித்தூள் பறக்கும். துறைமுகத்தில் குவித்து வைத்த நிலக்கரியும் இரும்புத் தாதும் கடற்காற்றில் ஏறி வீட்டுக்குள் வந்தன. அந்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, அக்டோபர் முதல் இவ்விரண்டையும் சென்னைத் துறைமுகம் கையாளக் கூடாது என்றது. ராயபுரத்துக்குக் கிடைத்த நியாயம் அது. குறை சொல்ல மாட்டோம். ஆனால் நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. அங்கேயும் மனிதர்கள்தாம் இருக்கிறார்கள்.

இந்த நகரம் தன் புகையை வடக்கே தள்ளுவது அன்று தொடங்கியதல்ல. 1960-களின் கடைசியில் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. 1970-இல் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம், அதன்பின் வல்லூர். மின்சாரம் ஊருக்கெல்லாம் போனது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றிலும் குருவிமேட்டு வாசல்களிலும் படிந்தது. பழைய எண்ணூர் நிலையத்தை 2017-இல் மூடினார்கள். அது ஓடத் தொடங்கிய ஆண்டில் பக்கத்துக் குப்பத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போது 47 வயது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது நாற்பதைத் தாண்டித்தான். புகைபோக்கி அணைந்த பிறகும் அது போட்ட கணக்கு நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

‘இளைப்பு’ என்றும் ‘வீசிங்’ என்றும் மக்கள் சொல்கிற நோய்களில் இந்த அடைப்பு நோய்தான் கொடியது. சுருங்கிய மூச்சுக்குழாய் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. இன்ஹேலர் மூச்சை இலகுவாக்கும். இழந்த நுரையீரலைத் திருப்பித் தராது. காற்றில் கந்தக டை ஆக்சைடு ஏறினால் சில நிமிடங்களிலேயே குழாய்கள் இறுகும். நுண்துகள் அடி நுரையீரல் வரை இறங்கிப் புண்ணாக்கும். மற்றவருக்கு இரண்டு இருமலோடு போகிற நாள், இந்த நோயாளியை ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோகும். அப்படி ஒவ்வொரு முறை மூச்சு முட்டும்போதும் நுரையீரலின் பலம் இன்னும் கொஞ்சம் குறைகிறது. பீடியும் விறகடுப்பும் இதற்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பீடியை விட்டுவிடலாம், அடுப்பை மாற்றலாம். காற்றை எப்படி விடுவது? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது பெரியகுப்பத்து மக்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். இளைப்பு நோயாளி எவ்வளவு தூரம் ஓட முடியும்?

1952 டிசம்பரில் லண்டனைக் கரிப்புகை மூடியது. ஐந்து நாள் நகரம் தத்தளித்தது. சுமார் 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அப்போதே கணக்கிட்டார்கள். பலர் ஏற்கெனவே நெஞ்சு நோய் உள்ளவர்கள். 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. இறப்பை எண்ணியதால் வந்த சட்டம் அது. நமக்கு 1981-லேயே காற்றுச் சட்டம் உண்டு. 2009-இல் மணலியைக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சேர்த்தது. அனல் மின் நிலையங்களுக்கான கந்தக வரம்பு 2015-இல் வந்தது. 2017-க்குள் நிறைவேற்ற வேண்டியதற்குத் தவணை மேல் தவணை கொடுத்தார்கள். காற்றை அளக்கிறோம், ஆலையை அளக்கிறோம். அதைச் சுவாசிக்கிறவரின் மூச்சை யார் அளந்தார்கள்?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து கொடுக்கிறது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் அந்தப் பணியாளரின் பையில் மூச்சின் வேகத்தைப் பார்க்கும் சிறு ஊதுகருவி ஒன்றும் இருக்கட்டும். நாற்பது வயதைக் கடந்த ஒவ்வொருவரையும் ஊதச் சொல்லுங்கள். வந்த எண்களைத் தெருவாரியாக வெளியிடுங்கள். அடுத்த ஆலைக்கு அனுமதி கேட்டு வருகிறவர்களின் மேசையில் முதலில் அந்தத் தாளை வையுங்கள்.