குடும்பமாம், வெளியாளாம்!

கம்பெனி ஒரு குடும்பம். வெளியாட்கள் புகுந்து சங்கம் வைப்பதால்தான் சண்டை வருகிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எங்கே வேலைநிறுத்தம் நடந்தாலும் இந்தப் பேச்சு கிளம்பிவிடும்.

முதலில் குடும்பம். 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கையே சங்க அங்கீகாரம்தான். சங்கத்தின் பெயரில் ‘சாம்சங்’ இருக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் ஆட்சேபங்களில் ஒன்று. ஒரே குடும்பம் என்றால் பிள்ளைக்கு இனிஷியல் தர மறுப்பானேன்? விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது. குடும்பம் என்று எப்படி அழைத்தாலும், தொழிலாளிக்கு வருமானமாக இருக்கும் சம்பளம் முதலாளிக்குச் செலவு. இந்த இழுபறி யாருடைய கெட்ட புத்தியாலும் வந்ததல்ல, கணக்கிலேயே இருக்கிறது.

அடுத்து வெளியாள். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட பி.பி. வாடியா பத்திரிகைக்காரர், துணை நின்ற திரு.வி.க. தமிழாசிரியராக இருந்தவர். இருவரும் தறி ஓட்டியதில்லை. வாடியா மீது பின்னி நிர்வாகம் வழக்குப் போட்டு, நீதிமன்றத் தடையும் வாங்கியது. 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்திட்டதே அந்த வழக்குதான். வெளியாட்களும் நிர்வாகிகளாக இருக்கலாம் என்று அந்தச் சட்டமே இடம் தந்தது. காரணம் எளிது: உள்ளே இருப்பவர் வாய் திறந்தால் மெமோ வரும், வெளியாளுக்கு யார் மெமோ கொடுப்பது? அது கிடக்கட்டும், கம்பெனிக்காக வாதாடும் வக்கீல் எந்த ஷிஃப்டில் வேலை பார்க்கிறார்?

சங்கம் இல்லாவிட்டால் சண்டை இல்லை என்பதற்கு 2021 டிசம்பரே பதில். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றார்கள். 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. நிர்வாகத்திடம் கேட்டு, இன்னார் நலம், இன்னார் இந்த வார்டில் இருக்கிறார் என்று வந்து சொல்ல அவர்களுக்கென்று ஒரு சங்கம் இல்லை. பெண்கள் நேரே சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை வாரக்கணக்கில் மூடிக்கிடந்தது. தண்ணீர் வராத கழிப்பறை, தரையில் படுக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தன.

மிச்சம் இருப்பது, முதலீடு ஓடிவிடும் என்ற பூச்சாண்டி. சங்கமே கூடாது என்ற பழைய கொள்கையைக் கைவிடுவதாக, கொரியாவில் சாம்சங் தலைமையே 2020இல் மன்னிப்புக் கேட்டுச் சொன்னது. 2024 ஜூலையில் அங்கேயும் வேலைநிறுத்தம் நடந்தது. அதற்காக யாரும் சாம்சங்கைக் கொரியாவிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகவில்லை.