பொறி பறக்கும் இடைவெளி

உங்கள் வீட்டில் கார் இருக்கிறதா? இருந்தால், அதன் ஸ்பார்க் பிளக்கில் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா?

"நல்ல கேள்வி கேட்டாய், போ! ரசத்துக்கு எத்தனை புளி என்று கேள், சொல்கிறேன்" என்று நீங்கள் அடுத்த பக்கத்துத் தொடர்கதைக்குத் தாவப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். சென்ற மாதம் வரையில் நானும் உங்கள் கட்சிதான். வட்டக்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பிய வழியில் கட்சி மாறிவிட்டேன்.

நாகர்கோவிலில் என் அக்காள் வீடு. அவள் மகள் ஒரு பாங்கியில் வேலை பார்க்கிறாள். தன் சம்பளத்தில் தவணை கட்டி ஒரு சின்னக் கார் வாங்கியிருக்கிறாள். டர்போ வைத்த பெட்ரோல் கார். அத்தானுக்கு நெஞ்சில் கோளாறு. மாதம் ஒரு தடவை அவரைத் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போய் வருகிறவள் அவள்தான்.

நான் போயிருந்த சமயம் அந்த வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. கூண்டில் நின்றவள் அந்தப் பெண். குற்றம், வண்டி குலுங்குகிறது! லாரியை முந்தும்போது, பாலத்தில் ஏறும்போது, அழுத்தி ஓட்ட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒர்க் ஷாப்பில் இரண்டு தடவை காட்டியாயிற்று. அவர்கள் வண்டியை நிறுத்தி வைத்தபடியே இன்ஜினை ஓட விட்டுக் காது கொடுத்துக் கேட்டார்கள். அது தம்பூரா மாதிரி சுருதி பிசகாமல் பேசியது. "வண்டியில் ஒன்றுமில்லை. ஓட்டுகிறவர்கள்தான் கொஞ்சம் பதமாக ஓட்ட வேண்டும்" என்று தீர்ப்புச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அத்தான் அப்பீல் இல்லாமல் அதை ஒப்புக்கொண்டார். "இனிமேல் திருவனந்தபுரத்துக்கு ஒரு டிரைவர் வைத்துக்கொள்வோம்" என்றார். பெண் ஒன்றும் பேசவில்லை. கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் பாங்கிக்குப் போக ஆரம்பித்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, "வட்டக்கோட்டையைப் பார்த்து வெகு நாளாயிற்று. நீதான் என்னை அழைத்துப் போக வேண்டும்" என்று அவளைக் கிளப்பினேன். அக்காளும் முறுக்கு டப்பாவும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்கள்.

வட்டக்கோட்டை, கன்னியாகுமரிக்கு வடகிழக்கே கடலை ஒட்டி நிற்கும் கருங்கல் கோட்டை. 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கிய டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாயின் கைவண்ணம். பெயர்தான் வட்டக்கோட்டை. மேலே ஏறிச் சுற்றிப் பார்த்தால் வட்டத்தைக் காணோம். நீண்ட சதுரமாக இருக்கிறது! "பெயரைப் பார்த்து எதையும் நம்பக் கூடாது போலிருக்கிறதே" என்று சொல்லிச் சிரித்தேன். காற்றில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அக்காளும் சிரித்தாள்.

திரும்பும்போது பெரிய சாலையில் ஏற வேண்டிய இடம். பின்னால் கல் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. போதுமான தூரம் இருந்தது. பெண் ஆக்சிலேட்டரை அழுத்தினாள். வண்டி ஒரு பாய்ச்சல் பாய்ந்து, உடனே உதற ஆரம்பித்தது. முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று மினுக் மினுக்கென்று அணைந்து அணைந்து எரிந்தது. பின்னால் லாரியின் ஹாரன் காதைப் பிளந்தது. "தாணுமாலையா!" என்றாள் அக்காள்.

அந்தப் பெண் பதறவில்லை. காலை லேசாகத் தளர்த்தி, கையடையாளம் போல இடப்பக்க விளக்கைப் போட்டு, ஓரத்தில் ஒதுக்கினாள். காலைத் தளர்த்தியதும் உதறல் நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவள் ஓட்டியதில் ஒரு பிழையும் இல்லை.

மெல்ல உருட்டிக்கொண்டே கொட்டாரத்துப் பக்கம் ஒரு சிறு பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டறைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். வண்டியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"எப்பம்மா குலுங்குது? நிக்கும்போதா, இழுக்கும்போதா?"

"இழுக்கும்போதுதான் அண்ணாச்சி."

"பிளக்கு மாத்தி எவ்வளவு நாளாச்சு?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். "மூணு மாசம்."

சொல்லி முடிப்பதற்குள் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அந்தக் குலுக்கலுக்கும் வயது மூன்று மாதந்தான்! இத்தனை பேர் கூடி விசாரித்த வழக்கில் இந்த ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை.

"சூடு ஆறட்டும்மா. சூட்டோட திருகினா அலுமினியத்துல மரை போயிரும்" என்று எங்களை உட்கார வைத்தார். முறுக்கு டப்பா பாதி காலியான பிறகு, மூன்று பிளக்குகளையும் கழற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவற்றின் மேலிருந்த நம்பரைப் படித்தார். மெல்லிய கம்பி வளையங்கள் கோத்த ஓர் அளவுகோலை எடுத்து முனையில் விட்டுப் பார்த்தார். 1.1 மில்லிமீட்டர். காரோடு கொடுத்த கைப்புத்தகத்தைப் புரட்டச் சொன்னார். அதில் இருந்தது 0.8.

"இது டர்போ இல்லாத வண்டிக்குள்ள பிளக்குல்லா! பாக்கதுக்கு ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கும்" என்றார்.

எனக்குக் கோட்டை நினைவு வந்தது.

வித்தியாசம் 0.3 மில்லிமீட்டர்தான். மூன்று நாலு தலைமயிரைச் சேர்த்துப் பிடித்தால் என்ன கனமோ, அவ்வளவு. அதற்காகவா ஒரு பெண்ணின் சாவி ஆணியில் தொங்கியது என்று கேட்கிறீர்களா? விஷயத்தைக் கேளுங்கள்.

பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு பிளக் உண்டு. அதன் நுனியில், நடுவில் ஒரு முனை. அதற்கு எதிரே வளைந்த ஒரு கால். இரண்டுக்கும் நடுவில் உள்ள சந்தில்தான் மின்பொறி பாய்ந்து பெட்ரோல் கலந்த காற்றைப் பற்ற வைக்கிறது. பாட்டரியின் 12 வோல்ட்டை 'காயில்' என்ற உறுப்பு பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்திக் கொடுக்கிறது. இன்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு பிளக்கும் வினாடிக்கு 25 தடவை பொறி விட வேண்டும்.

இப்போது சுசீந்திரம் ரத வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது ஒரு வேலையா? மார்கழித் தேரோட்டத்தன்று அதே வீதியைக் கடந்து பாருங்கள்! வீதி அகலமாகிவிடவில்லை; கூட்டம் நெருக்கியடிக்கிறது. பொறிக்கும் இதே கதிதான். டர்போ என்பது சிலிண்டருக்குள் காற்றைத் திணிக்கும் விசிறி. காற்று நெருங்க நெருங்க, அதைப் பிளந்துகொண்டு தாவ மின்சாரத்துக்கு அதிக பலம் வேண்டும். காயிலின் பலமோ ஓர் அளவுக்கு உட்பட்டது. ஆகையால் வீதியின் அகலத்தைக் குறைக்க வேண்டும். டர்போ இல்லாத கார்களில் 1.0, 1.1 மில்லிமீட்டர் என்று இருக்கும் சந்து, டர்போக் கார்களில் பெரும்பாலும் 0.7, 0.8 என்று சுருங்குவது இதனால்தான்.

வண்டி நிற்கும்போது டர்போ காற்றைத் திணிப்பதில்லை. கூட்டம் இல்லாத வீதி. பொறி சுகமாகத் தாவும். அழுத்தும்போதுதான் கூட்டம் சேரும், பொறி தாவ முடியாமல் தவறும், வண்டி குலுங்கும். நிறுத்தி வைத்துக் காது கொடுத்தவர்களுக்கு அது கேட்காமற்போனதில் ஆச்சரியம் என்ன?

இந்த டர்போ புதுச் சரக்கு அல்ல. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்பிரட் பூக்கி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழல்வது டர்போ. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் முப்பந்தல் காற்றாடிகள் சுழல்வது போல. அதே வேலையைப் பெல்ட் போட்டு இன்ஜினே சுற்றிச் செய்தால் அதற்கு சூப்பர் சார்ஜர் என்று பெயர். இரண்டுக்கும் பிளக் சாஸ்திரம் ஒன்றுதான்.

நம் ஊரில் 2019-ல் வந்த ஹூண்டாய் வென்யூ, 2020-ல் ஒரகடத்தில் செய்து வெளிவந்த நிஸான் மேக்னைட் போன்ற சின்னக் கார்களிலும் டர்போ வந்துவிட்டது. மேக்னைட்டில் இரண்டு வகை இன்ஜினுக்கும் அளவு 999 சி.சி.தான். ஆனால் டர்போ இல்லாததற்கு 72 குதிரை சக்தி, உள்ளதற்கு 100. அதனால்தான் "ஒரே வண்டிதானே, ஒரே இன்ஜின்தானே" என்று பிளக் வாங்கக் கூடாது. உங்களுடையது டீசல் வண்டி என்றால் நிம்மதி; அதில் டர்போ இருந்தாலும் ஸ்பார்க் பிளக் கிடையாது.

"இதையே தட்டிச் சந்தைக் குறைத்தால் போதாதா?" என்று நான் அண்ணாச்சியைக் கேட்டேன். "சந்து மட்டும் இல்லம்மா, சூடும் சேரணும்" என்றார்.

அதுவும் நமக்குத் தெரிந்த சங்கதிதான். தோசைக்கல் சரியாகக் காயாவிட்டால் மாவு ஒட்டும். அளவுக்கு மேல் காய்ந்தால் கருகும். பிளக்கின் நுனிக்கும் அந்தப் பதம் உண்டு. ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் கரி ஒட்டிக்கொள்ளும். 850-ஐத் தாண்டினால் பொறி வருமுன்பே நுனியின் கனலே பெட்ரோலைப் பற்ற வைத்துவிடும். அது பிஸ்டனையே ஓட்டையாக்கக் கூடிய விபரீதம். டர்போ இன்ஜினில் சூடு அதிகம். ஆகையால் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துகிற, 'குளிர்ந்த' ரகப் பிளக்கை அதற்குப் போடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை: என்.ஜி.கே. பிளக்குகளில் எண் ஏற ஏறக் குளிர்ந்த ரகம். பாஷ் பிளக்குகளில் எண் இறங்க இறங்கக் குளிர்ந்த ரகம்! ஒரு கம்பெனி எண்ணை வைத்து இன்னொன்றை வாங்கினால் தலைகீழாகிவிடும்.

இனி, பிளக் மாற்றக் கொடுக்கும்போது நீங்கள் கவனிக்க வேண்டியவை.

முதலாவது, கைப்புத்தகத்தில் உள்ள பிளக் நம்பரையும் இடைவெளியையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அதைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பிளக்கின் நம்பரை அதோடு ஒத்துப் பார்த்த பிறகே போடச் சொல்லுங்கள்.

இரண்டாவது, புதுப் பிளக்காக இருந்தாலும் இடைவெளியை அளந்து காட்டச் சொல்லுங்கள். பெட்டி கீழே விழுந்திருந்தால் அளவு மாறியிருக்கும். இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளின் நடுமுனை ஊசி மாதிரி மெல்லியது. அதில் எதையும் வைத்து நெம்பக் கூடாது. கம்பி அளவுகோலால் அளந்து, வேண்டியிருந்தால் வளைந்த காலை மட்டும் மயிரிழை அசைக்கலாம். அளவு வெகுவாக வேறுபட்டால் பிளக்கே தவறு, வளைத்துச் சரிக்கட்டாதீர்கள்.

மூன்றாவது, சிறியது நல்லது என்று இன்னும் சிறிதாக்கிவிடாதீர்கள். சந்து மிகக் குறுகினால் பொறியும் சிறுத்து, வண்டி நிற்கும்போது நடுங்கும். அதிக வேகத்துக்காக டர்போவின் அழுத்தத்தைக் கூட்டிய வண்டிகளுக்கு இன்னும் குளிர்ந்த ரகமும் குறுகிய சந்தும் தேவைப்படலாம். வீட்டுக் கார்களுக்குச் செய்தவன் சொன்ன அளவே வேதம்.

நான்காவது, பழைய பிளக்குகளைக் கையில் கேட்டு வாங்குங்கள். நுனி காப்பிப் பொடிக்குப் பால் கலந்த நிறத்தில் இருந்தால் இன்ஜின் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தாலோ, வெளுத்துக் கொப்புளித்திருந்தாலோ காரணத்தைக் கேளுங்கள்.

ஐந்தாவது, அந்த மஞ்சள் விளக்கு. அது நின்று எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். மினுக்கினால், காலைத் தளர்த்தி, பத்திரமான இடத்தில் ஒதுங்க வேண்டும். பற்றாத பெட்ரோல் புகைக் குழாய்க்குள் போய் எரிந்து, புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். அதன் விலைக்குப் பிளக்குகளைப் பல தடவை வாங்கலாம்.

அண்ணாச்சி பையனை நாகர்கோவிலுக்கு அனுப்பிச் சரியான பிளக்குகளை வரவழைத்தார். ஒவ்வொன்றையும் எங்கள் கண்ணெதிரே அளந்தார். முதலில் கையாலேயே திருகி, பிறகு அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கினார். கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்து, வேறு சேதம் இல்லை என்றும் சொன்னார். பெண் சாலையில் ஏறி அழுத்தினாள். வண்டி எண்ணெய் பூசினாற்போல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பின் சீட்டில் அக்காள் தூங்கிவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் பெண் ஒன்றும் பேசவில்லை. பழைய பிளக்குகள் மூன்றையும் அத்தானின் பேப்பருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, காப்பி போட உள்ளே போய்விட்டாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "ஏ மக்கா, செவ்வாய்க்கிழமை திருவனந்தபுரம் போகணுமே. நாம காலையில எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?" என்று கேட்டார்.